மிளகுக்கொடி மரத்தை எதனால் பிடிக்கிறது?

சேலத்திலிருந்து மலையேறி வருகிறவர்களில் சிலர், ஏற்காட்டுச் சில்வர் ஓக் மரத்துக்கு இரண்டு வகை இலை உண்டு என்று நினைத்துக்கொண்டே இறங்கிப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மரத்தின் உச்சியில் நறுக்கு நறுக்காக வெட்டிவிட்டது போன்ற இலை. காற்றடித்தால் அதன் வெள்ளி நிற அடிப்பக்கம் மின்னும். கீழே பார்த்தால் அகலமான கரும்பச்சை இலை, கிட்டத்தட்ட வெற்றிலைதான். அடிமரமே தெரியாதபடி நாலு ஆள் உயரத்துக்கு மூடிக்கொண்டிருக்கும்.

மேலே இருப்பதுதான் மரத்தின் இலை. கீழே இருப்பது மிளகு. வெற்றிலை மாதிரி இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றினால், உங்கள் கண் நல்ல கண். மிளகும் வெற்றிலையும் திப்பிலியும் ஒரே பேரினத்துச் செடிகள். பைப்பர் என்பது அதன் அறிவியல் பெயர்.

ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் பக்கம் போகிற வழியெல்லாம் இந்தக் கூட்டணியைப் பார்க்கலாம். தரையில் காபி, அதற்கு நிழல் தர சில்வர் ஓக், அந்த மரத்தின்மேல் மிளகு. மூன்றும் மூன்று இடத்திலிருந்து வந்தவை. காபியின் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் எத்தியோப்பியா. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் அதைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தார். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்காடுகளைச் சேர்ந்தது. பெயரில் ஓக் இருந்தாலும் ஓக் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மிளகு மட்டும் நம் பக்கத்து ஆள். மேற்குத்தொடர்ச்சி மலைக்காட்டில் தானாக முளைத்துத் திரிந்த கொடி.

இப்போது கேள்விக்கு வருவோம். இத்தனை கனமான கொடி, ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் விழாமல் மரத்தோடு ஒட்டி நிற்கிறதே, எப்படி? அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வரும். ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கிறதா, மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறதா?

உறிஞ்சுகிறது என்று அடித்துச் சொல்லும் பெரியவர்கள் நிறையப் பேர் உண்டு. ஒட்டியிருப்பதெல்லாம் ஒட்டுண்ணி என்பது அவர்கள் கணக்கு. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். தோட்டமே பதில் வைத்திருக்கிறது. மிளகுக்கு வாடல் நோய் என்று ஒரு கொடிய நோய் வரும். மழைக்காலத்தில், ஈர மண்ணில் நீந்தி வரும் ஃபைட்டாப்தோரா என்ற நுண்ணுயிர், கொடியின் தூரையும் மண்ணுக்குள் இருக்கும் வேரையும் அழுகவைத்துவிடும். (1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியது இதன் உறவினர்தான்.) தூர் அழுகினால் என்ன ஆகிறது? சில வாரங்களுக்குள் கொடி முழுவதும் வாடி, இலை கொட்டி, கணுக்கணுவாக முறிந்து விழுகிறது. மேலே மரப்பட்டையைப் பிடித்திருக்கும் ஆயிரக்கணக்கான சிறு வேர்கள் அப்படியே இருக்கின்றன. மரமும் சாறோடு பசுமையாக நிற்கிறது. அந்த வேர்கள் மரத்திலிருந்து குடிப்பது உண்மையானால் கொடி ஏன் தாகத்தால் சாகவேண்டும்?

ஆக, மண்ணில் இருப்பது குடிக்கும் வேர். மரத்தில் இருப்பது பிடிக்கும் வேர். பாடப்புத்தகத்தில் இதற்குப் பற்றுவேர் என்று பெயர். காய்ந்து விழுந்த மிளகுத்தண்டு ஒன்று கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். தண்டில் விரல் நீள இடைவெளிக்கு ஒரு முடிச்சு இருக்கும், அதுதான் கணு. அங்கிருந்து குட்டை குட்டையாக, பிரஷ் முடி போல வேர்கள் கொத்தாகக் கிளம்பியிருக்கும். மரத்தைப் பார்த்த பக்கத்தில்தான் அந்தக் கொத்து. வெளிப்பக்கம் வழுவழுப்பாக இருக்கும்.

மரம் எந்தப் பக்கம் என்று கொடிக்கு யார் சொன்னது? செடிகள் வெளிச்சத்தை நோக்கி வளரும் என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். மரமேறும் கொடிகளில் சில, சின்ன வயதில் இந்த விதிக்கு நேர் எதிராக நடக்கும். 1975-ல் டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே என்ற இருவர், மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிகா காட்டில் மான்ஸ்டெரா வகைக் கொடி ஒன்றின் நாற்றுகளைக் கவனித்தார்கள். அவை தரையில் ஊர்ந்து, தங்களைச் சுற்றிலும் எந்தத் திசை மிக இருட்டாக இருக்கிறதோ அந்தத் திசைக்கே போயின. காட்டுத் தரையில் நின்று பார்த்தால், மிக இருட்டான திசையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பருத்த அடிமரம்! மரத்தைத் தொட்டு ஏறத் தொடங்கியதும் கொடியின் குணம் மாறி, வெளிச்சத்தைத் தேடி மேலே போகும். கண் இல்லாமலே நிழலை வைத்து மரம் தேடுகிற வித்தை எனக்கு எத்தனை தடவை படித்தாலும் அலுக்காத ஒன்று.

தோட்டத்தில் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. மரத்தடியிலிருந்து ஓர் அடி தள்ளி, வெயில் குறைவாக விழும் வடக்குப் பக்கமாகக் குழி எடுத்து நாற்றை வைப்பார்கள். துளிர் கிளம்பியதும் அதை மரத்தோடு சேர்த்து நாரால் கட்டுவார்கள். கொடி வளர வளர, கட்டும் மேலே ஏறும். கொடி கட்டும் தாத்தா ஒருவரிடம், "மரத்தைப் பிடிக்க அதுக்கே தெரியுமே, எதுக்குத் தாத்தா கட்டறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "தெரியும் கண்ணு. பிடி வர்ற வரைக்கும் நாம பிடிச்சுக்கணும்" என்பார். அந்தப் 'பிடி வர்ற வரைக்கும்' என்பதற்குள்தான் நிறைய அறிவியல் இருக்கிறது.

வேரால் பிடித்து ஏறும் கொடிகளில் விஞ்ஞானிகள் மிகவும் நோண்டிப் பார்த்தது ஐவி என்ற ஐரோப்பியக் கொடியை. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தார் 2010-ல் அதன் பிடியைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலில் வெறும் தொடுதல். தண்டு பரப்பில் உரசியதும் வேர்க்கொத்து கிளம்புகிறது. அடுத்து, இன்னும் மென்மையாக இருக்கும் அந்த வேர், பரப்பின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி தன் உருவத்தையே மாற்றிக்கொண்டு படிகிறது. அப்புறம் பசை சுரக்கிறது. கடைசிக் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வேரின் மேலிருக்கும் நுண்ணிய வேர்த்தூவிகள், பட்டையின் கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளுக்குள் நுழைந்துவிடுகின்றன. பிறகு அவை காய்கின்றன. காயும்போது முறுக்கிச் சுருண்டு, உள்ளேயே கொக்கியாக மாட்டிக்கொள்கின்றன. சுருங்கும்போது கொடியையும் மரத்தை நோக்கி இழுத்து இறுக்குகின்றன. பச்சையாக இருக்கும்போது நுழைந்து, செத்துக் காய்ந்த பிறகு இறுகும் பிடி அது. அதனால்தான் இறந்துபோன ஐவிக்கொடியைக்கூடச் சுவரிலிருந்து எளிதில் பிய்க்க முடிவதில்லை.

பசை என்றேனே, அதைப் பற்றி நெடுநாள் முன்பே தலையைப் போட்டு உடைத்துக்கொண்டவர் சார்லஸ் டார்வின். பரிணாமம் பற்றி எழுதிய அதே டார்வின்தான். கொடிகளைப் பற்றி 1865-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, பிறகு 1875-ல் அதைத் தனிப் புத்தகமாகவே போட்டார். நம் ஊர் மதில் சுவர்களில் பச்சைப் பாய் விரித்தாற்போலப் படர்கிற குட்டை இலை அத்திக்கொடி ஒன்று உண்டல்லவா, அதன் வேர்களைக் கண்ணாடித் துண்டின்மேல் மெல்ல அழுத்தி வைத்துக் காத்திருந்தார். சுமார் ஒரு வாரத்தில் வேர்கள் தெளிவான திரவத்தைத் துளித்துளியாகக் கசிந்தன. தொட்டால் லேசாகப் பிசுபிசுத்தது. அதில் ரப்பர் போன்ற பொருள் இருப்பதைக் கண்டார். ஆலும் அரசும் கீறினால் பால் வடிகிற குடும்பம். அத்தியும் அதில்தான் சேரும். எனவே ரப்பர் சங்கதி அவ்வளவு ஆச்சரியமில்லை.

டார்வினுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் மேலே போனார்கள். அமெரிக்காவில் மிங்ஜுன் ஜாங் என்பவரின் குழு, ஐவிப் பசைக்குள் மிக நுண்ணிய உருண்டைகள் மிதப்பதைக் கண்டது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஓர் உருண்டை. அவை சர்க்கரையும் புரதமும் சேர்ந்த ஒரு பொருளால் ஆனவை என்று 2016-ல் அந்தக் குழு எழுதியது. பசை நீர்போல ஓடுகிறது. அதனால் எந்தச் சின்ன இடுக்கிலும் புகுந்துவிடுகிறது. உள்ளே போனபிறகு கால்சியம் அந்த உருண்டைகளையும் பெக்டின் என்ற பொருளையும் ஒன்றோடொன்று பிணைக்க, பசை கெட்டியாகிறது. கெட்டியான பசையை ஊற்றினால் மேலாகத்தான் நிற்கும் என்பது, கிழிந்த நோட்டை ஒட்டிப் பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

பிடி இப்படித்தான் வருகிறது என்றால், எந்த மரத்தில் மிளகை ஏற்றுவது என்பதும் விளங்கிவிடும். வெடிப்பும் சொரசொரப்புமான பட்டை வேண்டும். அந்தப் பட்டை மரத்திலேயே நிலைக்கவும் வேண்டும். சில்வர் ஓக், பலா, முள்முருங்கை எல்லாம் தேறும். ஏற்காட்டில் கொய்யாவுக்குக் குறைவில்லை, ஆனால் கொய்யா மரத்தைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருக்கும், மெல்லிய செதில் செதிலாகப் பட்டையை உரித்துக்கொண்டேயும் இருக்கும். யூகலிப்டஸும் அப்படித்தான். வேர் பட்டையை எவ்வளவு கெட்டியாகப் பிடித்து என்ன பயன்? பட்டையே மரத்தை விட்டுவிட்டால் வேரும் கொடியும் அதோடு போகவேண்டியதுதான்.

மிளகுக்கொடியில் எல்லாக் கிளையும் பிடிப்பதில்லை. மேலே ஏறுகிற தண்டு ஒரு வகை. அதன் கணுக்களில்தான் பற்றுவேர். அதிலிருந்து பக்கவாட்டில் வெளியே நீளும் கிளைகள் வேறு வகை; பூவும் மிளகுச் சரமும் தொங்குவது அவற்றில்தான். அவற்றில் பற்றுவேர் கிடையாது. மரத்தைப் பிடிக்கிற வேலை அவற்றுக்கு இல்லையே! இந்தப் பக்கக் கிளையை வெட்டி, மண்ணில் வைத்து வேர்பிடிக்கச் செய்தால் என்ன ஆகும்? செடி வரும், மிளகும் காய்க்கும், ஆனால் ஏறவே ஏறாது. பக்கத்தில் மரத்தை வைத்தாலும் சீந்தாது, புதராகவே நிற்கும். புதர் மிளகு என்று தொட்டியில் வைத்து விற்பது இதுதான். மாடி வீட்டுக்காரர்களுக்கு வசதி. தாய்ச்செடியில் எந்த வேலை பார்த்ததோ அதையே அந்தக் கிளை கடைசிவரை நினைவில் வைத்திருக்கிறது.

மலைக்கு வர முடியாதவர்கள் வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். மணி பிளான்ட் இருக்கிறதா? அதுவும் வேரால் ஏறும் கொடிதான், ஆனால் மிளகுக்கு உறவில்லை. இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை, கணு மூழ்கும்படி தண்ணீர்ப் பாட்டிலில் போடுங்கள். இன்னொன்றைத் தொட்டியில் நட்டு, தேங்காய் நார் சுற்றிய குச்சி ஒன்றில் சாய்த்துக் கட்டி, நாரை ஈரமாகவே வைத்திருங்கள். சில வாரம் பொறுத்தால், பாட்டிலில் வேர் நீளமாகத் தொங்கும். நாரைத் தொட்ட கணுவில் குட்டையான வேர் வந்து நாருக்குள் நுழைந்திருக்கும். இரண்டும் ஒரே செடியின் கணு. எதைத் தொட்டது என்பதைப் பொறுத்து வேரின் வேலை மாறுகிறது. மணி பிளான்ட் இலையை வாயில் மட்டும் வைக்காதீர்கள். நாக்கும் தொண்டையும் எரியும்.

ஒட்டி வாழ்கிற எல்லாரும் மிளகைப் போல மண்ணிலும் ஒரு கால் வைத்திருப்பதில்லை. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் பூவை மட்டும் படம் எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடாதீர்கள், வேரைப் பாருங்கள். மரக்கிளையில் வாழும் ஆர்க்கிட்டுகளின் வேர் தடிமனாக, வெள்ளி பூசியது போல் இருக்கும். அதன் வெளிச்சுற்று, உள்ளே காற்று மட்டும் இருக்கும் இறந்த செல்களால் ஆனது. வெலாமன் என்று பெயர். தோட்டக்காரர் தண்ணீர் தெளிக்கும்போது உற்றுப் பார்த்தால், வெள்ளை வேர் கண்ணெதிரே பச்சையாகிவிடும். செல்களில் தண்ணீர் நிறைந்து, உள்ளே இருக்கும் பச்சையம் தெரிவதால் வரும் மாயம் அது. கிளை அதற்கு உட்கார இடம் மட்டும் தருகிறது. மழையையும் பனியையும், பட்டையில் வழியும் நீரில் கரைந்த உப்புகளையும் வைத்து அது பிழைத்துக்கொள்கிறது. இதைத் தொற்றுத்தாவரம் என்பார்கள். ஒட்டுண்ணி என்று சொல்லி இதைக் கிளையிலிருந்து பிய்த்து எறிகிறவர்களைப் பார்த்தால், ஆர்க்கிட் தோட்டத்தில் பார்த்த அந்த வேரை நினைவுபடுத்துங்கள்.

உண்மையான உறிஞ்சி எது? மாமரத்தில் அடிக்கடி பார்க்கும் புல்லுருவி. அதன் பழத்தைப் பூங்கொத்தி என்ற குட்டிப் பறவை விரும்பித் தின்னும். விதையைச் சுற்றி ஒரு பிசின், அப்படி ஒரு பிசின்! பறவையின் உடம்பை விட்டு வெளியே வந்தபிறகும் அது விடாது; பறவை கிளையில் தேய்த்துத்தான் தொலைக்க வேண்டும். தேய்த்த இடத்தில் விதை ஒட்டிக்கொண்டு முளைக்கும். பிறகு பட்டையைத் துளைத்து, மரத்துக்குள் நீர் ஏறும் சைலம் குழாய்களோடு தன் குழாயை இணைத்துவிடும். இலை பச்சையாக இருப்பதால் உணவைத் தானே சமைத்துக்கொள்ளும், நீரும் உப்பும் மட்டும் திருட்டு. மிளகு பட்டையோடு நின்றுவிடுகிறது. புல்லுருவி பட்டையைத் தாண்டி உள்ளே போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் மரத்துக்கு அது பெரிய வித்தியாசம்.

இப்படிக் குழாயோடு குழாய் சேர்க்கிற வேலையை மனிதர்களும் செய்கிறார்கள். சேலத்து மாம்பழம் தின்றிருக்கிறீர்கள் அல்லவா, நல்ல ரகங்கள் எல்லாம் ஒட்டுக்கட்டி வளர்ப்பவை. ஒரு செடியின் அடித்தண்டையும் இன்னொன்றின் குச்சியையும் சீவி, பட்டைக்கு அடியில் இருக்கும் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்குகள் ஒன்றை ஒன்று தொடும்படி வைத்துக் கட்டுவது. அடுக்குகள் சேர்ந்தால் ஒட்டு பிடிக்கும்; தப்பினால் குச்சி காயும்.

மிளகின் வாடல் நோய்க்கு எதிராகவும் இந்த வித்தையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தென் அமெரிக்காவில், சதுப்பான ஆற்றோரங்களில் வளரும் ஒரு செடி உண்டு. மிளகின் உறவுக்காரச் செடிதான், இங்கே பிரேசில் திப்பிலி என்பார்கள். எப்போதும் ஈரத்தில் நின்று பழகியது. ஃபைட்டாப்தோராவுக்கு அதன் வேர் மசிவதில்லை. அதை அடிச்செடியாக வைத்து, மேலே நம் மிளகை ஒட்டுவார்கள். அப்படி ஒட்டிய செடி தோட்டத்துக்கு வந்தால், ஒரே கொடியில் கீழே பிரேசில் திப்பிலி வேர் மண்ணில் நீர் குடிக்கும், மேலே மிளகின் பற்றுவேர் சில்வர் ஓக்கைப் பிடிக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. மிளகின் தூரிலிருந்து, தரையில் ஓடுகிற நீளமான கொடிகளும் கிளம்பும். அவற்றின் கணு மண்ணைத் தொட்டால் போதும், வேர் இறக்கிவிடும், அதுவும் குடிக்கும் வேராக. சாதாரணச் செடியில் இது லாபம். அந்த ஓடுகொடிகளைத் தரையில் படாமல் குச்சியில் சுற்றி வளர்த்து, பிறகு இரண்டு மூன்று கணுவுள்ள துண்டுகளாக வெட்டிப் புது நாற்று போடுகிறார்கள். ஒட்டுச்செடியில் அதுவே ஆபத்து. ஒட்டுக்கு மேலிருந்து இறங்கும் கொடி எதுவும் மண்ணைத் தொடாமல் அவ்வப்போது நறுக்கிவிட வேண்டும்; விட்டால் மிளகு தன் சொந்த வேரை மண்ணுக்குள் இறக்கிவிடும், ஃபைட்டாப்தோராவும் அந்த வழியாகவே உள்ளே வரும்.